கடின நீரின் செல்லங்கள்

தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் போர்த் தண்ணீர் குடத்தில் வெள்ளையாகப் படியும் கடின நீர். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் மீன்களுக்கு அந்தக் கடினம்தான் பிடிக்கும், பிஎச் 7.8 முதல் 8.6 வரை போதும்.

நாலடித் தொட்டியில் முதலில் கற்களை அசையாமல் அடுக்கிக் குகைகள் அமைத்து, பிறகு மணல் பரப்ப வேண்டும். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளரச் சில வாரம் பொறுத்து, மஞ்சள் லேப் போன்ற சாதுவான சிக்லிட் வகைகளை முதலில் விடலாம். ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் இருந்தால் சண்டை குறையும்.

தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்து, ஏறக்குறைய மூன்று வாரம் பெரும்பாலும் பட்டினி கிடந்து குஞ்சுகளைக் காக்கும். 1952-இல் இந்தியாவுக்கு வந்து, இன்று காவிரியில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையும் இதே குடும்பம்தான். அதற்கும் அதே தாய்மை. கல்லும் கடின நீரும் நிறைந்த நம் ஊருக்கு மலாவி சிக்லிட்டைவிடப் பொருத்தமான வளர்ப்பு மீன் இல்லை என்பேன்.