காமிராவும் உடுக்கையும்

ஓரன் பெலியின் 'பாராநார்மல் ஆக்டிவிடி'யைப் பேய்ப்படம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது என்பது என் கட்சி. 2006இல் ஸான் டியேகோவில், தம் சொந்த வீட்டிலேயே, ஏழு நாட்களில், சுமார் 15,000 டாலர் செலவில் அவர் எடுத்தது. 2009இல் பரவலாகத் திரைக்கு வந்து கோடிக்கணக்கில் வசூலித்தது. வசூல் இங்கு நமக்கு முக்கியமில்லை. படம் முழுவதும் கதைக்குள் இருப்பவன் எடுத்த வீடியோ என்ற பாவனை. இது வெறும் உத்தியல்ல. படத்தின் விஷயமே இதுதான்.

கேட்டி என்ற பெண்ணை எட்டு வயது முதல் ஏதோ ஒன்று தொடர்கிறது. அவளோடு வாழும் மைக்கா படுக்கையறையில் காமிராவை நிறுத்துகிறான். ஓர் இரவு அவள் எழுந்து, கட்டிலருகே நின்று, உறங்கும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மணிக்கணக்கில். திரையின் மூலையில் நேரம் மட்டும் ஓடுகிறது. படம் எடுப்பதை நிறுத்தச் சொல்லி அவள் கெஞ்சுகிறாள். அவன் நிறுத்துவதில்லை. ஆவியை அழைக்கும் ஊஜா பலகையை வாங்கமாட்டேன் என்று வாக்களித்தவன், இரவல் கொண்டுவந்துவிட்டு, வாங்கவில்லையே என்று வாதாடுகிறான். அவளைப் பிடித்திருப்பது பிசாசா, இவனுடைய ஆர்வமா என்ற சந்தேகம் எனக்கு அங்கேயே எழுந்தது.

என் சிறு வயதில், பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், அத்தை ஒருத்திக்குப் பேய் பிடித்ததென்று பிறந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பூசாரி உடுக்கை அடித்தார். "யாரு நீ? எதுக்கு வந்தே?" என்று கேட்டார். வேப்பந்தழையால் அடித்தார், வலித்திருக்கும். கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தியின் பெயரைச் சொல்லிவிட்டு அத்தை அழுது கொட்டியதெல்லாம் தன் மாமியார் வீட்டு வழக்கு. "ஒரு நாளாச்சும் வயிறாரச் சோறு போட்டாங்களா?" ஊரே நின்று கேட்டது. அத்தையாக இருந்து அவள் இதையே சொன்னபோது கேட்காத ஊர். மூன்றாம் நாள் அதே வீட்டுக்கு அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே உடுக்கையை உயர்த்தி ஹாலிவுட்டை மட்டம்தட்டுவது என் உத்தேசமல்ல. ஆனால் உடுக்கை ஒரு கேள்வி கேட்டது. பேயின் பெயரிலாவது அவளுக்கு ஒரு வாய் கிடைத்தது. காமிரா எதையும் கேட்பதில்லை. பெலியின் பிசாசுக்குப் பெயரில்லை, குறையில்லை. அது வந்ததும் கேட்டி பேச்சிழந்து போகிறாள். திரையரங்குகளில் வெளியான வடிவத்தில் மைக்காவின் உடல் காமிரா மீது வந்து விழுகிறது. அவள் தவழ்ந்து வந்து காமிராவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையே போதும். அதன் மேல் அவள் முகத்தைக் கோர முகமாக்கிப் பாயவிட்டது மலிவான காரியம். அத்தனை பொறுமையாகக் கட்டியதைப் பெலி ஒரு கணத்தில் சில்லறையாக மாற்றிக்கொண்டுவிட்டார்.

போன வருஷம் எங்கள் ஊர் நோம்பியில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. நானும் எடுத்தேன். என்ன சொன்னாள் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போட்டுக் காட்டினேன். உடுக்கைச் சத்தத்தில் அவள் குரல் பதிவாகவில்லை.