அரசர் படமும் ஏர்ப் படமும்

குருணாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிலே கலேவெல நகரம் அமைந்துள்ளது. அதன் கடைத்தெருவில், படங்களுக்குச் சட்டமிடும் கடையொன்றில், அண்மையில் நாம் கண்ட இரண்டு சுவர்ப்படங்களே இக்கட்டுரைக்குக் காரணமாயின. ஒன்று, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் உருவம். தொப்பியில் நிமிர்ந்த இறகு, இடையில் வாள். மற்றொன்று, குற்றவாளியென்று தீர்க்கப்பட்ட ஒருவனை யானை மிதித்து அவயவங்களைப் பிய்த்தெறியும் காட்சி. இரண்டின் கீழும் ‘மத்தியகால அரச வரலாறு’ என்று அச்சிட்டிருந்தது. வீட்டு விறாந்தைக்கும் பாடசாலைச் சுவருக்கும் இவற்றை வாங்குவோர் பலர் என்றார் கடைக்காரர்.

பழைய செதுக்குச் சித்திரங்களைக் கணினியிற் பெருப்பித்து விற்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபமுமில்லை. ஆனால், இவற்றை நம் சரித்திரத்தின் நேர்முகச் சாட்சியாகக் கொள்ளுமுன், இவை யாரால், யாருக்காக உருவாக்கப்பட்டன என்ற கேள்வியை எழுப்பாமலிருக்க முடியாது.

ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ் 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில் சிறைப்பட்டவர். பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் தடுத்துவைக்கப்பட்டு, தொப்பி பின்னி விற்றுச் சீவனம் நடத்தினார். 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். தாயகம் திரும்பும் கப்பலில் நினைவைத் துணைக்கொண்டு அவர் எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது. அந்நூலுக்கெனச் செப்புத்தகட்டிற் செதுக்கப்பட்டவையே இச்சித்திரங்கள். கண்டியின் சித்திரக்காரர் எவருடைய கையும் இவற்றிற் படவில்லை.

இலண்டன் வாசகனுக்கு இவை எதனை உணர்த்தின? கீழ்த்திசை அரசன் விசித்திரமானவன், கொடியவன். அவனது நாடு விதியற்ற நாடு என்பதையே. ஆயின், நூல் வெளிவந்த அதே 1681 இல், அதே இலண்டன் நகரின் தைபேர்ன் கொலைக்களத்தில், ஒலிவர் பிளங்கற் என்னும் அயர்லாந்துப் பேராயரைப் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிட்டு, குடலெடுத்து, கூறுகூறாக வெட்டினர். அத்தண்டனை அந்நாட்டிற் சட்டமெனப்பட்டது. யானைத் தண்டனை மட்டும் காட்டுமிராண்டித்தனமாயிற்று. யானையின் கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆட்சியாளர் எங்கும் அச்சத்தைக் கொண்டே ஆண்டனர் என்ற முழு உண்மையையும் கூறவேண்டும் என்பதே நம் கட்சி.

‘மத்தியகாலம்’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. இராஜசிங்கன் ஆண்டது பதினேழாம் நூற்றாண்டில். படத்திலுள்ள மன்னனை உற்றுநோக்குக: கணுக்கால் வரை நீண்ட காற்சட்டை, சப்பாத்து, காலுறை. 1638 இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயரை முறியடித்து, அவ்வாண்டிலேயே ஒல்லாந்தக் கம்பனியுடன் உடன்படிக்கை செய்த அரசன் இவன். கறுவாவுக்காகக் கடல்கடந்து வந்த வணிக மூலதனத்தோடு இவனுடைய வாழ்நாள் முழுவதும் பிணைந்திருந்தது. ‘மத்தியகாலம்’ என்ற திரையை இழுத்துவிட்டதும் கம்பனி மறைந்துவிடுகிறது. இறகுத் தொப்பி மட்டுமே எஞ்சுகிறது.

மறைந்தது கம்பனி மட்டுமன்று. அதே நூலில் வேறு சித்திரங்களும் உள்ளன. கமக்காரன் எருதுகள் பூட்டி வயலை உழுகிறான். சேற்று நிலத்தைப் பலகையிழுத்துச் சமன்செய்கிறான். மாடுகளை வளையவிட்டுச் சூடு மிதிக்கிறான். குறுகிய வயல்களில் திருப்ப வசதியாகவும் சேற்றிற் புதையாதவாறும் கலப்பை பாரமின்றி அமைந்திருப்பதை நொக்ஸ் கவனித்து எழுதியுள்ளார். சித்திரக்கலை என்ற அளவிலும் இவை தாழ்ந்தவையல்ல. மன்னனின் படத்தில் ஓர் உடல் படம் முழுவதையும் அடைத்து அசைவற்று நிற்கிறது. உழவுப் படத்தில் மனிதனும் விலங்கும் நிலமும் ஒரே தொழிலில் இணைந்து இயங்குகின்றன. எனினும், கலேவெலக் கடையில் நாம் தேடிய உழவுப் படம் அகப்படவில்லை. “அதை யார் வாங்குவார்கள், சேர்?” என்று கடைக்காரர் நம்மையே திருப்பிக் கேட்டார்.

அக்கேள்வி கடைக்காரருடையது மட்டுமன்று, நமது கல்விமுறையினுடையது. அரசர்களின் பட்டியலே சரித்திரமென்று கற்பித்தவர்கள் நாமல்லவா? இதே இராஜசிங்கனுக்கு எதிராக 1664 இல் மக்கள் கிளர்ந்தெழுந்து, அவன் மகனை அரசனாக்க முயன்று தோற்றனர். அக்கிளர்ச்சிக்குச் சுவர்ப்படம் ஏது?

தமிழாசிரியர் சிலர், “அவர்கள் தங்கள் மன்னரை மாட்டினால், நாம் எல்லாளனையும் சங்கிலியனையும் மாட்டுவோம்” என்கின்றனர். இது நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பதாகும். கலேவெலைக்கு அப்பாலுள்ள தம்புள்ளைக் குகை விகாரையில் துட்டகைமுனு எல்லாளன் போர் தீட்டப்பட்டுள்ளது. அவ்விகாரையைப் பதினெட்டாம் நூற்றாண்டிற் புதுப்பித்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவனோ தென்னிந்திய நாயக்க மரபினன். முடிகள் தமக்குள் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தன. முடிகளின் பெயரால் பகை பூணுமாறு குடிகளே பழக்கப்பட்டனர்.

உழவுப் படமும் அந்நியன் வெளியிட்டதே. அதனையும் ஐயுறவோடுதான் பார்க்கவேண்டும். ஆயினும், சிங்களம், தமிழ் என்ற வேறுபாடின்றி, எந்த வயற்கரைப் பிள்ளைக்கும் “இது என் பாட்டன் செய்த தொழில்” என்று சொல்லும் உரிமையை அது அளிக்கிறது. மன்னனின் படம் அவ்வாறு செய்வதில்லை. அது வகுப்பறையில் ஒரு பகுதியினரை வாரிசுகளாக்கி, மறுபகுதியினரை அந்நியராக்கிவிடுகிறது.

ஆதலின், ஆசிரிய நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் சிறியது. சுவரிலிருக்கும் அரசனைக் கழற்றவேண்டாம். அவனருகே ஏரையும் எருதையும் மாட்டுங்கள். பின்னர் மாணவரை நோக்கி, “இந்த அரசன் உண்ட சோறு எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள். சரித்திர பாடம் அங்கே தொடங்கட்டும்.