கொல்லிப்பாவையும் ஏழாம் அறிவும்

கொல்லிமலை என்றதும் அன்பர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது, தேவாரத்து வைப்புத்தலங்களுள் ஒன்றாகிய அறப்பளீசுரமேயாம். எனினும், 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இந்நாளில் மலையேறும் இளைஞருட் சிலர் நாடுவது சித்தர் குகைகளை. பிறர் மனத்தை அறியவும், பார்வையாற் பிறரை ஏவல்கொள்ளவும் வல்ல ஆற்றல் ஆங்குக் கிட்டுமென்பது அவர்தம் ஆசை. இவ்வாசைக்கு நெய் வார்ப்பனவற்றுள் அறிவியற் புனைகதைகளும் உளவாகலின், அவற்றுள் ஒன்றை ஈண்டு ஆராய்வாம்.

2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘7ஆம் அறிவு’ என்னும் திரைப்படம் தமிழர் பலரும் கண்டது. காஞ்சியினின்று சீனம் சென்றாரென மரபு கூறும் போதிதருமரின் வழித்தோன்றல் ஒருவன். அவனது மரபணுவைத் தூண்டி, முன்னோர் கற்ற வித்தைகளை அவன்பால் எழுப்ப முயலும் ஒரு மாணவி. நோக்கினாலேயே பிறரை மயக்கிக் கொல்விக்கும் சீனன் ஒருவன். கதை இஃதே.

மரபணு உடலின் அமைப்பிற்கு விதி கூறுவது. ஒருவன் பயின்று பெற்ற வித்தையோ மூளையின் நரம்புத் தொடர்புகளிற் பதிவது. பின்னது முன்னதிற் புகுந்து மகனுக்குச் செல்லும் வழியில்லை. செல்லுமெனவே கொள்வோம். போதிதருமர் காலத்திற்கும் நமக்கும் இடையே ஏறக்குறைய 1,500 ஆண்டுகள். தலைமுறை ஒன்றிற்கு 25 ஆண்டு வைப்பின் 60 தலைமுறை. தலைமுறைதோறும் ஒரு முன்னோரின் பங்கு சராசரியிற் பாதியாகக் குறைதலின், பத்தாந் தலைமுறையிலேயே அஃது ஆயிரத்திலொன்றினும் சிறிதாம். அறுபதாவதில் எஞ்சுவது யாது? பெயரளவினதாகிய பெருமையே எனலாம்.

சித்தாந்தமும் இதற்கு இடந்தாராது. அறிவு உயிரின் குணம். உடலோ மாயையின் காரியம். தந்தை தாயரால் வருவது உடலேயன்றி அவர்தம் அறிவன்று. ஆயின் மீமிசை ஆற்றல் என்பதொன்றை நம் நூல்கள் அறவே மறுத்தனவோ எனின், மறுத்தில. உயிர் இயல்பில் வியாபகமுடையது. ஆணவம் மறைத்தலின் அணுத்தன்மைப்பட்டது. கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்கள் அம்மறைப்பைச் சிறிதே நீக்கி, முறையே செயலையும் அறிவையும் இச்சையையும் விளக்குகின்றன. மறைப்பு மேலும் நெகிழின் ஆற்றலும் மிகும். திருமூலரும் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தோடு அட்டமாசித்தியையும் வைத்தோதினர். ஈண்டு ஆற்றலுக்குக் காரணமும் உண்டு, எல்லையும் உண்டு. சித்தியிலே நின்றான் வீடுபேற்றினைத் தாழ்க்கின்றானாதலின், இழப்பும் உண்டு. திரைப்படத்துத் தலைவனோ யாதொன்றும் இழந்திலன்.

மேனாட்டார் கதைகளெல்லாம் இக்குற்றமுடையன என்று கருதற்க. ஆல்பிரெட் பெஸ்டர் இயற்றி 1953இல் நூலாக வந்த ‘தி டிமாலிஷ்ட் மேன்’ என்னும் நாவலில், பிறர் உள்ளத்தைப் படிப்போர் தர வரிசைப்பட்டுத் தமக்கென ஒரு சங்கமும் விதிகளும் உடையராய் வாழ்கின்றனர். அவர் நடுவே கொலை செய்யத் துணிந்தவன், மறக்கவொண்ணாத ஒரு சிறு பாட்டை மனத்துள் இடையறாது ஓடவிட்டுத் தன் எண்ணத்தை மறைக்கின்றான். உளம்படித்தல் மெய்யோ பொய்யோ, அஃதொன்று உண்டாயின் உலகம் இவ்வாறுதான் மாறும் என்று அந்நூலாசிரியர் காட்டிவிடுகின்றார். யான் வேண்டுவது இத்துணையே.

இனிக் கொல்லிப்பாவை. தெய்வத்தால் ஆக்கப்பட்டு, காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கும் தாக்கினும் வடிவு குன்றாது நிற்பதாகச் சங்கப் புலவர் பாடிய பாவை அது. எட்டுக்கை அம்மனே அப்பாவையென மலைவாணர் சிலர் கூறுவர், அஃது நிற்க. தீங்கு கருதி வருவாரைத் தன் நகையால் மயக்கிக் கொல்லுமென்பது வழிவழி வந்த கதை. இதனை யாரும் மெய்யென்று நிறுவ வேண்டா. ஆயினும் கதையின் கட்டுக்கோப்பை நோக்குமின்! பாவை எவரையும் தேடிச் செல்வதில்லை. அணுகுவானது வேட்கையே அவனைக் கொல்லும் படை. வேட்கையில்லானை அஃது என்செய்யும்? திரைப்படத்துச் சீனனின் பார்வையோ, வேட்கையுடையானையும் இல்லானையும், வழியிற் செல்வாரையும் ஒருபடித்தாகவே வீழ்த்துகின்றது. எதிர்நிற்கும் உள்ளத்திற்கு ஆங்கு வேலையே இல்லை.

அப்படத்தின் தொடக்கப் பகுதி ஒன்றை மட்டும் குறைகூற மனம் வரவில்லை. ஆண்டுப் போதிதருமர் தம் வித்தையைப் பயின்றே பெற்றவராகக் காட்டப்படுகின்றார்; பிணியாளர்க்கு மருந்தும் தம் கையாலேயே அளிக்கின்றார்.