மரபுவழி அடுக்கும் கண்மாயின் வரலாறும்: புதுக்கோட்டைக் கல்வெட்டுத் தொகுதி குறித்த ஒரு திறனாய்வு

புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடத் தொகுதி 1929ஆம் ஆண்டு வெளிவந்தது. இடைக்காலத் தமிழக வேளாண்மையை ஆராய்வோர் இதனைத் தவிர்த்துச் செல்ல இயலாது. எனினும் இத்தொகுதி சாசனங்களை அரசமரபு வாரியாக அடுக்கியுள்ளது. அரசியல் வரலாறு எழுதுவோர்க்கு இவ்வடுக்கு பெரிதும் உதவிற்று. நிலத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு இடையூறாயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெள்ளாறும் அக்கினியாறும் மழையை நம்பிய ஆறுகள். ஆகவே இப்பகுதி நன்செய் பெரிதும் ஏரி, குளம், கண்மாய் ஆகியவற்றையே சார்ந்திருந்தது. அரசமரபு மாறினும் கரையும் கலிங்கும் இருந்த இடத்திலேயே நீடிக்கக்கூடியவை. குடுமியான்மலைக் கோயிலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவை தொகுதியில் சோழர், பாண்டியர், விசயநகரர் எனப் பிரிந்து கிடக்கின்றன. ஓரூரின் நிலம் எவ்வாறு கைமாறியது, எந்த மடையின் கீழ் எவ்வயல் விளைந்தது என்று தொடர்ச்சியாக அறிய விரும்புவோர் தொகுதியைக் கலைத்து மீண்டும் அடுக்கியாக வேண்டும். ஒவ்வொரு சாசனத்துக்கும் ஊர்ப்பெயர் தரப்பட்டிருப்பதால் அது இயலாததன்று. ஆனால் அவ்வுழைப்பு வாசகன் தலையில் விழுகிறது.

கே. ஆர். வேங்கடராம ஐயரின் சமஸ்தானக் கையேடு இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. 1944இல் வெளிவந்த அதன் இறுதிப் பகுதி ஊர்வாரியாக அமைந்தது. ஆயினும் அங்கும் முதலிடம் கோயில்களுக்கே. நான்கெல்லை கூறும் சாசனம் கோயிற்சுவரில் இருக்கிறது. அது சுட்டும் வாய்க்கால் வெளியே ஓடுகிறது. ஆய்வாளர் கண் பெரும்பாலும் சுவரோடு நின்றுவிட்டது.

குமிழிக் கல்வெட்டுகள் இதற்கு விதிவிலக்கு. கரைக்கு உட்புறம், நீர்ப்பரப்பிலேயே நடப்பட்ட இரு கற்றூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக்கற்கள், அடியில் துளையிட்ட கற்றொட்டி, அங்கிருந்து கரைக்கடியே செல்லும் நிலத்தடிக் கால் என்பன குமிழியின் உறுப்புகள். துளையை அடைக்கும் கட்டையை உயர்த்தினால் நீர் வயலுக்குப் பாயும். இத்தூணில் பொறித்த எழுத்து, தான் குறிப்பிடும் பொருளின் மேலேயே நிற்கிறது. கோடையில் கண்மாய் வற்றினால்தான் படிக்கவும் முடியும் என்பது வேறு செய்தி.

இவ்விடத்தில் எதிர்த்திசை மிகையையும் மறுக்க வேண்டியுள்ளது. சாசனத்தில் ஒரு குளம் குறிக்கப்பட்டமையாலேயே இன்றுள்ள கரை அக்காலத்தது ஆகிவிடாது. கரை உடைந்திருக்கலாம், உயர்த்தப்பட்டிருக்கலாம். பெயர் மட்டும் எஞ்சியிருக்கலாம். பழைய தூண் பின்னாளில் வேறிடத்தில் நடப்படுவதும் உண்டு. எனவே எழுத்தமைதி தூணின் காலத்தைக் காட்டுமேயன்றிக் கண்மாயின் காலத்தை நேரடியாகக் காட்டாது. பாசிப்பாட்டம் போன்ற வருவாய்ச் சொற்களையும் இவ்வெச்சரிக்கையோடே அணுக வேண்டும். அவை குளத்து மீன்பிடி உரிமை வருவாயாகியதை உணர்த்துகின்றன. குளத்தின் பரப்பை உணர்த்துவதில்லை.

ஜேம்ஸ் ஹைட்ஸ்மன் சோழர்காலச் சமூகம் பற்றிய ஆய்வில் (1997) புதுக்கோட்டையைத் தனி ஆய்வுப்பகுதியாகக் கொண்டமை நல்ல முன்மாதிரி. அடுத்த படி இன்னும் சிறியதும் கடினமானதும் ஆகும்: பழைய குளத்தூர், ஆலங்குடி, திருமயம் வட்டங்களின் சாசனங்களை ஊர்வாரியாக மறுவரிசைப்படுத்தி, எல்லைப்பெயர்களை இன்றைய புல வரைபடங்களோடு ஒப்பிடுதல். இதில் காலத்தாழ்வுக்கு இடமில்லை. இரும்பு அடைப்பான் பொருத்திய புதிய மதகு அமையும்போது பழைய தூணைப் பெயர்த்துக் கரையோரம் கிடத்தினால், அதன் எழுத்தைப் பின்னரும் மைப்படி எடுக்கலாம். அது எந்த வாய்க்காலின் தலைப்பில் நின்றது என்பதை, பெயர்க்கும் முன் குறித்திராவிடில், பின்னர் எம்முறையாலும் பெற இயலாது.