கருவியும் கல்லூரி வாயிலும்: ஆட்டிச மாணவர்க்கான தொழில்நுட்பம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆட்டிசம் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் குழந்தைப் பருவத்தோடு நின்றுவிடுகின்றன. யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' (2013) போன்ற நூல்கள் பெற்றோர்க்குத் துணையாக அமைந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், அக்குழந்தை பதினெட்டு வயதை எட்டிக் கல்லூரி வாயிலில் நிற்கும்போது என்ன நேர்கிறது என்னும் வினாவுக்குத் தமிழில் விடை காண்பது அரிதாகவே உள்ளது. அவ்வினாவைத் தொழில்நுட்பத்தோடு இணைத்து, மலாக்கா மாநிலத் தமிழ்க் குடும்பங்களின் நிலையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'மதியிறுக்கம்' என்னும் சொல் நம்மிடையே வழக்கிலுள்ளது. 1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளின் இயல்புகளை விவரித்தபோது அவர்தம் மதி இறுகியிருப்பதாகக் கூறவில்லை. அவர்களுட் சிலரின் நினைவாற்றலை வியந்தே எழுதினார். எனவே ஆட்டிசம் என்ற சொல்லையே ஈண்டு ஆள்கிறோம்.

ஒரு மாணவரின் வழி

ஜாசின் வட்டாரத்துத் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டிச மாணவர் ஒருவரை நாம் அறிவோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்கு மாறி, எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தில் நல்ல தேர்ச்சி பெற்று ஒரு கல்லூரியில் சேர்ந்தார். இரண்டாம் மாதத்திலேயே விலகிவிட்டார். காரணம் பாடம் அன்று. வகுப்பறை மாற்றம், நேர மாற்றம் ஆகிய அனைத்தும் புலனக் குழுவில் இரவு பத்து மணிக்கு மேல் வந்தன. வாழ்த்துகளுக்கும் வேடிக்கைப் படங்களுக்கும் இடையே அவை புதைந்து கிடந்தன. எது அறிவிப்பு, எது அரட்டை என்று பிரித்தறிய அவரால் இயலவில்லை. "பாடம் வந்துச்சுங்கய்யா, காலேஜிதான் அவனுக்கு வரல" என்றார் அவர்தம் தாயார்.

இக்கூற்று நம் கருத்தை முற்றிலும் மாற்றியது. தொழில்நுட்பம் இல்லாமையால் அம்மாணவர் வெளியேறவில்லை. ஒழுங்கின்றிக் கையாளப்பட்ட தொழில்நுட்பமே அவரை வெளியேற்றியது. ஆகவே, 'எந்தக் கருவி உதவும்?' என்று வினவுமுன், 'கருவியை நாம் எவ்வாறு ஆள்கிறோம்?' என்று வினவுதல் வேண்டும்.

கருவி பேசும் மொழி

தமிழ்ச்சூழலில் தோன்றிய கருவிகளுள் 'அவாஸ்' குறிப்பிடத்தக்கது. சென்னையில் அஜித் நாராயணன், வித்யாசாகர் அமைப்பின் துணையோடு இதனை உருவாக்கினார். 2010ஆம் ஆண்டளவில் தனிக் கருவியாக வெளிவந்த இது, பின்னர்ச் செயலியாக வளர்ந்தது. பேச்சு எளிதாக வாராதவர் படங்களைத் தொட்டுத் தொடர் அமைக்க, கருவி அதனை ஒலிக்கும்.

2013இல் அவர் விளக்கிய மற்றொரு முயற்சி இலக்கணம் பயின்றோர்க்கு ஆர்வமூட்டுவது. அதில் படங்கள் 'யார்?', 'எதை?', 'எப்போது?' போன்ற வினாக்களால் இணைக்கப்பெறும். நம் ஆசிரியர்கள் வேற்றுமையைக் கற்பிக்கும் முறையும் இதுவே அன்றோ? 'எதை?' என்பதற்கு இரண்டாம் வேற்றுமை, 'யாருக்கு?' என்பதற்கு நான்காம் வேற்றுமை என்று கற்றவர்க்கு இம்முறை புதிதன்று. பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவை வேற்றுமையியலில் தொல்காப்பியர் வகுத்துக்காட்டிய மொழிக்கு, இத்தகு கருவி அயலானதாகத் தோன்ற வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு தடை உண்டு. தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுத்துத் தமிழை ஒலிக்கும் கருவி 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று கூறும். தோட்டத்து வீட்டிலோ 'தண்ணி வேணும்' என்பதே வழக்கு. கேட்டதைக் கேட்டவாறே கொள்ளும் இயல்புடைய ஒருவர்க்கு இவ்விரண்டும் இருவேறு மொழிகளாகவே அமையக்கூடும். அதன்மேல் இடைநிலைப்பள்ளியின் மலாயும், கல்லூரிப் பாடநூலின் ஆங்கிலமும் சேர்கின்றன. ஒரு மொழியை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட கருவி, நான்கு மொழி வழக்குகளைக் கடந்துவரும் மலாக்கா மாணவரின் சுமையைக் கணக்கிற்கொள்வதில்லை.

வழிகாட்டி கருதும் மாணவர்

கல்லூரிக்கு மாறும் கட்டத்தையே நேரடியாக எடுத்துக்கொண்ட முயற்சி ஐரோப்பாவில் நிகழ்ந்தது. லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2013 முதல் 2016 வரை நடைபெற்ற 'ஆட்டிசம் அண்ட் யூனி' திட்டம், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்க இணையவழிக் கையேட்டினை உருவாக்கியது. விரிவுரை என்பது எவ்வாறு நிகழும், உதவியை யாரிடம் கேட்பது போன்றவற்றை அது வெளிப்படையாகக் கூறுகிறது. பிறர் சொல்லாமலே அறிந்துகொள்வார்கள் என்று நாம் எண்ணும் செய்திகளைச் சொல்லிவிடுவதே அதன் சிறப்பு.

ஆயின், இத்தகைய கையேடுகள் தாமே முடிவெடுத்துத் தம் நிலையைத் தாமே அறிவிக்கும் தனிமனிதரை முன்னிறுத்துவன. மலாக்காத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் அம்முடிவைப் பெரும்பாலும் குடும்பமே எடுக்கிறது. 'வெளியே சொன்னால் தங்கையின் திருமணம் என்னாவது?' என்னும் அச்சம் மாற்றுத்திறனாளி அட்டையைக்கூடப் பெட்டியில் பூட்டிவைக்கச் செய்கிறது. அவ்வட்டையிலும் ஆட்டிசம் 'கற்றல் குறைபாடு' என்னும் பொதுவகையுள் அடங்குவதால், கணிதத்தில் சிறந்த பிள்ளையின் பெற்றோர் அதனை ஏற்கத் தயங்குவது வியப்பன்று.

மேலும், ஐக்கிய இராச்சியத்தில் மாற்றுத்திறன் மாணவர்க்கான அரசு உதவித்தொகை மென்பொருளுக்கு மட்டுமன்றி, உடனிருந்து வழிநடத்தும் துணையாளர்க்கும் வழங்கப்படுகிறது. நாம் ஆய்வின் பொருட்டு அயல்நாட்டில் தங்கியிருந்த காலத்து உணர்ந்த உண்மை இதுவே: கருவிக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) கல்வி வாய்ப்பை வலியுறுத்துகிறது. எனினும், மீறுவோர்க்குத் தண்டனை எதனையும் விதிக்காமலே அச்சட்டம் இயற்றப்பட்டது. கருவியை இறக்குமதி செய்து, ஆளை விட்டுவிடுவது அரைக்கிணறு தாண்டுவதாகும்.

கையிலுள்ள கருவி

அவ்வாறெனின் செய்யத்தக்கது யாது? விலைமிக்க கருவிக்குக் காத்திருத்தல் வேண்டா. கைப்பேசி ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. அதிலுள்ள நாட்காட்டியும் நினைவூட்டியும், பேச்சை எழுத்தாக்கும் வசதியும், இரைச்சலைக் குறைக்கும் செவிப்பொறியும் பெரும்பணி ஆற்ற வல்லன. கல்லூரி செய்ய வேண்டியது ஒன்றே: அறிவிப்புக்கெனத் தனிக் குழு அமைத்து, அதில் அறிவிப்பன்றி வேறெதுவும் இடம்பெறாமல், குறித்த நேரத்திற்கு முன் வெளியிடுதல். இதற்குச் செலவில்லை, இதனால் ஏனைய மாணவர்க்கும் நன்மையே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பிள்ளை இருக்குமிடத்தைக் கைப்பேசி வழியே எந்நேரமும் கண்காணிக்கும் வசதியைப் பெற்றோர் விரும்புவர். அவர்தம் அச்சம் நியாயமானதே. ஆயினும், மாணவரின் இசைவின்றிச் செய்யப்படும் கண்காணிப்பு, அவர் பெறவேண்டிய தன்னுரிமையைக் கல்லூரி வாயிலிலேயே பறித்துவிடும்.

முடிவுரை

மலாக்காவில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (2000ஆம் ஆண்டு நிறுவப்பட்டது) மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகமும் பல்தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. மெர்லிமாவிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ இவை எட்டாத் தொலைவில் இல்லை. இவ்வளாகங்களின் பேருந்து நிறுத்தம், பதிவு முகப்பு, உணவகம், அமைதியான இடம் ஆகியவற்றைப் படங்களோடும், வீட்டுத் தமிழிலும் மலாயிலும் அமைந்த விளக்கத்தோடும் தொகுத்துக் கையேடாக்குவது தமிழ் பயிலும் மாணவர் ஒரு பருவத்தில் செய்துமுடிக்கத்தக்க பணியாகும். அதனைச் சரிபார்க்கும் பொறுப்பை ஆட்டிச மாணவரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

அம்மாணவர்க்குப் பாடம் வந்தது, கல்லூரி வரவில்லை. கல்லூரியை அவரிடம் கொண்டுசேர்ப்பது கருவியின் கடமை அன்று; கருவியைக் கையில் வைத்திருக்கும் நம் கடமை என்பதே எம் துணிபு.