எழுத்தை வரைந்தவர்: முத்து நெடுமாறனின் எழுத்துருப் பணி

கவிதையைத் திறனாய்வதற்கு இலக்கணம் உண்டு. சிறுகதைக்கும் புதினத்திற்கும் அளவுகோல்கள் உண்டு. ஆனால் அவையெல்லாம் அச்சேறி நிற்கும் எழுத்தின் வடிவத்தை ஆராய்ந்து நிறைகுறை கூறும் வழக்கம் தமிழில் வேரூன்றவில்லை. நூலைக் கையிலெடுப்பவர் சொல்லைப் படிக்கின்றார். சொல்லைத் தாங்கும் வடிவத்தைப் பார்ப்பதில்லை. பார்வையில் படாமல் நிற்பதே நல்ல எழுத்துக்கு அழகு என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதம் வளர்ந்த வாசகருக்குப் பொருந்தும், வகுப்பறைக்குப் பொருந்தாது. முதலாம் ஆண்டு மாணவன் சொல்லைப் படிக்குமுன் வடிவத்தைத்தான் பார்க்கின்றான். வளைவு எங்கே தொடங்குகிறது, சுழி இரண்டா மூன்றா, புள்ளி எந்த எழுத்தின் தலையில் நிற்கிறது என்பனவே அவனுடைய முதற்பாடம். எனவே அவ்வடிவத்தை வரைந்தவர் யார், எவ்வாறு வரைந்தார் என்று கேட்பது தமிழாசிரியர்க்கு உரிய கேள்வியே ஆகும்.

மலேசியத் தமிழருக்கு இக்கேள்வியின் விடை தொலைவில் இல்லை. கோலாலம்பூரைக் களமாகக் கொண்டு, தம் சொந்த நிறுவனத்தின் வழியே எழுத்துருக்களை வரைந்து வருபவர் முத்து நெடுமாறன். அவர் தந்தை முரசு நெடுமாறன், கிள்ளானுக்குத் தெற்கே உள்ள கேரித் தீவில் பிறந்த தமிழாசிரியர்; கவிஞர்; மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தளித்தவர். தந்தை இந்நாட்டுக் கவிதைகளைத் திரட்டினார். மகன் அக்கவிதைகளை எழுதவேண்டிய எழுத்துகளை வரைந்தார். இப்பொருத்தத்தை மிகைப்படுத்திப் பேசுவது எளிது. எனினும் ஒன்றைக் கூறலாம்: தமிழ்நூல்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவருக்கே எழுத்தின் குறை கண்ணை உறுத்தும்.

மலாயாவுக்கும் தமிழ் எழுத்தின் பொறிமயத்திற்கும் உள்ள தொடர்பு இவரோடு தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து 1907ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது எவ்வாறு என்பது அவர் எதிர்கொண்ட சிக்கல். தட்டினாலும் தாளை நகர்த்தாத நகரா விசைகளை அமைத்து, மேல்விலங்கும் புள்ளியும் மெய்யெழுத்தோடு ஒட்டி விழுமாறு செய்தார். செருமனி நாட்டு நிறுவனம் ஒன்று அப்பொறிகளைச் செய்து கொடுத்தது. சிக்கனத்திற்காக வடிவம் சில இடங்களில் நசுங்கியது உண்மையே. ஆயினும் அலுவலகக் கடிதத்தைத் தமிழில் எழுதலாம் என்ற நிலை அப்பொறியால்தான் வந்தது. முத்து நெடுமாறனை இந்த வரிசையில் வைத்தே மதிப்பிடவேண்டும். இருவரும் அடிப்படையில் ஒரே வினாவுக்கு விடை தேடியவர்கள். ஒருவருக்கு இரும்பு தடையாக இருந்தது, மற்றவருக்கு இலக்கம் தடையாக இருந்தது.

முரசு என்னும் பெயரில் இவருடைய தமிழ் மென்பொருள் முதன்முதல் வெளிவந்தது 1985ஆம் ஆண்டில். அது பின்னர் முரசு அஞ்சல் என வளர்ந்தது. அக்காலக் குழப்பத்தை இன்றைய மாணவர் அறியார். தொண்ணூறுகளில் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டிய கட்டுரையை இன்னோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் எழுத்து படிக்கவியலாததாய் ஆகிவிடும் விந்தை அது. ஓலைச்சுவடியைக் கறையான் அரிக்க நூற்றாண்டுகள் ஆயின. கணினிக் கோப்பு சில ஆண்டுகளிலேயே கெட்டது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய மாநாடும், 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாடும், 2000இல் தோன்றிய உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும், 2001இல் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடும் இக்குழப்பத்தைத் தீர்க்க எழுந்த முயற்சிகளே. அவற்றில் முத்து நெடுமாறனின் பங்கு பலரும் அறிந்தது. முடிவில் ஒருங்குறி முறையே நிலைபெற்றது.

ஒருங்குறி தமிழுக்குத் தந்தது எண்களைத்தான், வடிவங்களை அன்று. மெய்யெழுத்துக்கு ஓர் எண், உயிர்க்குறிக்கு ஓர் எண் என்று அது நின்றுவிடுகிறது. ககரமும் உகரக்குறியும் சேர்ந்தால் கு என்னும் வடிவம் பிறக்கவேண்டும் என்பதை எழுத்துரு வரைபவரே செய்து தரவேண்டும். கு, சு, டு, து, பு, மு என்பவற்றை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்ப்பவருக்கு அதன் கடுமை விளங்கும். உகரக்குறி ஓரெழுத்தில் கீழே வளைந்து சுற்றுகிறது. ஓரெழுத்தில் நேராக இறங்குகிறது. ஓரெழுத்தில் காலாக நீள்கிறது. உகர ஊகார வரிசைகள் இரண்டிலும் சேர்ந்து 36 வடிவங்களையும் தனித்தனியே வரைந்தாக வேண்டும். அவை ஒரே கையால் எழுதப்பட்டன போலவும் தோன்றவேண்டும். கொம்போ இன்னும் வேறு. கெ என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. கணினியின் நினைவில் முதலில் நிற்பது ககரம். அந்த இடமாற்றத்தை எழுத்துருவும் மென்பொருளும் இணைந்து செய்யாவிடின் கொம்பு எழுத்துக்குப் பின்னே அனாதையாய் நிற்கும்.

முத்து நெடுமாறனின் எழுத்துருக்களுள் உலகம் முழுவதும் பரவியவை ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் இடம்பெற்றவையே. முதலில் இணைமதி வந்தது. பின்னர்த் தமிழ் எம்.என்., தமிழ் சங்கம் எம்.என். ஆகியவை வந்தன. இவற்றோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளம், குர்முகி, சிங்களம், கெமர், லாவோ, மியன்மார் முதலிய எழுத்து முறைகளுக்கும் அவர் வரைந்துள்ளார். தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வழங்கும் இத்தனை எழுத்துகளும் ஒரு மலேசியத் தமிழரின் கைவழியே கணினித் திரையை அடைந்தன என்பதை இந்நாட்டுப் பாடநூல்கள் எடுத்துரைத்தால் மாணவர் மகிழ்வர். பெயரின் இறுதியில் நிற்கும் எம்.என். என்னும் ஈரெழுத்து அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. சிற்பி தூணின் அடியில் தன் பெயரைப் பொறிப்பதைப் போன்றது இது. நாள்தோறும் அவ்வெழுத்துருவைத் தேர்ந்தெடுப்பவர்களுள் மிகப் பலர் அதன் பொருளைக் கேட்டதே இல்லை.

தமிழ் எம்.என்., தமிழ் சங்கம் எம்.என். ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும். முன்னதில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செல்கிறது. ஈய அச்செழுத்தில் வார்க்கப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்மை பெற்ற நூலெழுத்தின் வழிவந்தது அது. சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி. ஆர். அண்ட் என்பார் சிறிய அளவில் தெளிவான எழுத்துகளைச் செய்வித்ததும், 1862இல் வின்சுலோவின் பேரகராதி அவ்வச்சகத்தில் உருவானதும் அம்மரபின் உயர்ந்த நிலைகள். நீண்ட உரைநடையைத் தாளில் படிப்பதற்கு இவ்வகை எழுத்தே இன்றும் ஏற்றது. தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும்போது வரி ஓர் ஓட்டம் பெறுகிறது, கண் களைப்பதில்லை.

பின்னதோ முழுவதும் ஒரே தடிப்பில் செல்லும் கோட்டால் ஆனது. கைப்பேசித் திரைக்கு இதுவே ஏற்றது. மெல்லிய கோடு சிறிய திரையில் அறுந்து போகும், சமகோடு அறுவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ணகரத்தின் மூன்று சுழிகளையும் ஒரே தடிப்பில் வரையும்போது உள்ளிருக்கும் வெள்ளை இடம் குறுகும். வெள்ளை குறைந்தால் ணகரமும் னகரமும் தொலைவில் ஒன்றுபோல் தோன்றும். எழுத்தை வரைபவர் உண்மையில் வரைவது கருமையை மட்டுமன்று, உள்ளிருக்கும் வெண்மையையும் ஆகும். தமிழ் சங்கம் எம்.என். எழுத்துருவில் இச்சிக்கலை உணர்ந்து செய்த அளவடக்கம் தெரிகிறது. எனினும் அது திரைக்கென்று பிறந்த எழுத்து. அதைத் தூக்கிவந்து திருமண அழைப்பிதழில் பொருத்துவதும் நினைவு மலரின் இருநூறு பக்கங்களுக்கும் பயன்படுத்துவதும் வரைந்தவரின் பிழையல்ல; தேர்ந்தவரின் பிழை.

ஆசிரியர்கள் கருதவேண்டிய நுட்பம் வேறொன்றும் உண்டு. ரகரத்தையும் துணைக்காலையும் வேறுபடுத்துவது ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கோடு. ரி, ரீ என்னும் வடிவங்களிலோ பழைய அச்சில் அக்கோடு பெரும்பாலும் மறைந்துவிடும். இதனால் விளைந்த கேடு பெரிது. துணைக்காலைத் தட்டி அதன்மேல் மேல்விலங்கைப் போட்டு ரி என்று எழுதிவிட்டதாக எண்ணும் வழக்கம் பரவியது. தாளில் வேறுபாடு தெரியாது. ஆனால் கணினிக்கு அது ரகரமே அன்று. ஆசிரியர் என்னும் சொல்லை அவ்வாறு தட்டிய கோப்பில் தேடினால் ஆசிரியர் கிடைக்கமாட்டார். ஔவை என்பதும் அவ்வாறே. அது இரண்டெழுத்துச் சொல். ஒகரமும் ளகரமும் வையும் இட்டு மூன்றெழுத்தாக்கி எழுதுவோர் இன்றும் மிகுதி. ஔகாரத்தின் பிற்பகுதியைச் சற்றுச் சிறிதாக வரைந்து ளகரத்தினின்று பிரித்துக் காட்டும் எழுத்துருவே மாணவனுக்குத் துணைசெய்யும். தொல்காப்பியர் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி விதித்ததும், பின்னாளில் வீரமாமுனிவர் நெடில்களுக்கு வேறு வடிவம் அமைத்ததாகச் சொல்லப்படுவதும் இதே கவலையினால்தான். மயக்கம் தீர்ப்பதே எழுத்துச் சீர்திருத்தத்தின் முதல் நோக்கம். தமிழ்நாட்டரசு 1978இல் ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று வடிவங்களை ஒழுங்குபடுத்தியபோது அச்சுக்கோப்பவரின் பெட்டியில் இடம் மிச்சமானது. அதைவிட, கற்கும் குழந்தைக்கு விதிவிலக்குகள் குறைந்தன.

முத்து நெடுமாறனின் பணியில் ஆசிரியர்கள் உடன்படத் தயங்கும் பகுதி ஒன்று உண்டு. அது விசைமுறை. அஞ்சல் முறையில் ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழைத் தட்டலாம். ஆங்கிலத்தின் இறுதி எழுத்தைத் தட்டினால் ழகரம் வருகிறது. கடிதம் எழுதும் மூத்தோர்க்கும் வெளிநாட்டில் வாழ்வோர்க்கும் இது பெருங்கொடை. தமிழைக் கணினியில் எழுதத் துணிந்தோர் பலர் இவ்வழியே துணிந்தனர். 2005இல் கைப்பேசிக்கென வந்த செல்லினம் அத்துணிவை இன்னும் பரப்பியது. ஆனால் எழுத்தறியும் பருவத்துச் சிறுவன், தமிழ் என்னும் சொல்லை உரோமன் எழுத்துகளாகப் பிரித்து நினைக்கப் பழகுவது நன்றன்று. தமிழ்99 முறையிலோ உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் நன்னூல் பாடமே விரல்நுனியில் நிகழ்கிறது. ககரத்தை இருமுறை தட்டினால் முதற்ககரம் தானே புள்ளி பெறுகிறது. இரண்டு முறைகளையும் தம் மென்பொருளில் வைத்து, தேர்வை மக்களிடம் விட்டார் அவர். மக்கள் எளியதைத் தேர்ந்தனர். பள்ளியிலாவது தமிழ்99 முறையைக் கற்பித்திருந்தால் அத்தேர்வு வேறாயிருக்கும் என்ற வருத்தத்தில் பொருள் உண்டு. அவ்வருத்தத்தை அவர்மேல் சுமத்துவதில் நியாயமில்லை.

எழுத்துரு வரைவோரின் தொழில்வாழ்வு விந்தையானது. ஓவியத்தை விலைக்கு வாங்குவர், பாட்டுக்கு மேடையுண்டு. எழுத்துருவோ பொறியோடு இலவசமாக வந்ததென்று மக்கள் கருதுகின்றனர். விலைக்குரியதைப் படியெடுத்துக் கைமாற்றிக் கொள்வதில் கூச்சமும் கொள்வதில்லை. தமிழ்நூல் விற்பனையாகவில்லை என்று வருந்தும் சங்கங்களின் வெளியீடுகளே சில வேளைகளில் அவ்வாறு பெற்ற எழுத்தில் அச்சாகியிருக்கும்.

பிரிக்பீல்ட்சில் 2010ஆம் ஆண்டு குட்டி இந்தியா திறக்கப்பட்ட தெருக்களிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் ஒரு மாலை நடந்து பார்ப்பவர்க்கு இதன் விளைவு தெரியும். கையால் பலகை எழுதிய காலத்தில் ஓவியரின் தூரிகைக்கு ஒரு நடை இருந்தது. இன்று நெகிழித் துணியில் அச்சான விளம்பரங்களில் ஒரே எழுத்தை அகலத்தில் இழுத்தும் உயரத்தில் நசுக்கியும் நிரப்பியிருப்பர். இழுக்கப்பட்ட வளைவு தன் தடிப்பை இழக்கிறது, புள்ளி முட்டையாகிறது. கொம்பு இடம் மாறி நிற்கும் பதாகைகளும் தமிழ் நிகழ்ச்சிகளிலேயே தொங்குவதுண்டு. அச்சிட்டவர் தமிழறியாதவராய் இருக்கலாம். அதைப் பணம் கொடுத்துப் பெற்றுவந்து கட்டியவர் தமிழரே.

தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவனுக்கென்றே ஓர் எழுத்துரு வரையப்படுமாயின், அதில் கோடு கரிக்கோலின் தடிப்பில் சமமாய் ஓடவேண்டும். தொடங்கும் முனையும் முடியும் முனையும் கைபோகும் திசையைக் காட்டவேண்டும். ரகரத்தின் சாய்கோடு ரி, ரீ இரண்டிலும் விடுபடாமல் இருக்கவேண்டும். ணகரத்தின் மூன்றாம் சுழிக்கு இடம்விட்டு எழுத்தைச் சற்று அகலமாக்கலாம். மெய்ப்புள்ளி மேல்விலங்கைத் தொடாத உயரத்தில் நிற்கவேண்டும். அத்தகைய எழுத்தை வரையும் ஆற்றல் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றது.