குடிலில் பிழைத்தது, மலையில் பிழைக்குமா?

நீலகிரி, பழனி மலைகளின் உயரப் புல்வெளிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் காட்டுப் பூவரசுக்கு விதைப் பஞ்சம் கிடையாது. ஒரு காய் வெடித்தாலே நூற்றுக்கணக்கான விதைகள் தூளாகப் பறக்கும். அவற்றில் செடியாகித் தேறுவது சொற்பம். ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்த இந்த மரத்தின் விதைக்குள் சேமித்த உணவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மண் மூடிவிட்டால் முளைக்காது, வெளிச்சம் படவேண்டும். முளைவிடும் வரை ஈரம் ஒரு நாள்கூட வற்றக்கூடாது. இத்தனை நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றித் தருவதுதான் பசுமைக்குடிலின் பெருமை.

அந்தப் பெருமையில் பொய்யில்லை. காட்டை மீட்க நாற்று வளர்ப்பவர்கள் சலித்த இலைமக்கை ஆழமில்லாத தட்டில் நிரப்பி, நுண்மணலோடு கலந்த விதையை மேலாகத் தூவுகிறார்கள். மேலே மண் போடுவதில்லை. பூவாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும் என்பதால் தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுகிறார்கள், அல்லது பனிப்புகை போலத் தெளிக்கிறார்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பச்சைப் புள்ளிகள் தெரியும். அதன் பிறகுதான் பொறுமைக்குச் சோதனை: முதல் ஆண்டு முடியும்போது நாற்று சில சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலையில் இறங்கும் உறைபனியை இவ்வளவு சின்ன உயிர் வெட்டவெளியில் தாங்காது. குடில் இல்லையென்றால் இதை ஆயிரக்கணக்கில் வளர்ப்பது நடக்காத காரியம்.

ஆனால் எல்லா மலைச்செடிக்கும் இந்தத் தாலாட்டு தேவையா? ஊசிக்களா, தவிட்டுப்பழம் போன்ற சதைக்கனிச் செடிகளுக்குப் பழத்தைப் பிசைந்து, சதையை அலசிவிட்டு, விதை காயுமுன் விதைத்தால் போதும். காட்டில் இந்த வேலையைச் சின்னான் குருவிகள் சம்பளமில்லாமல் செய்கின்றன. இவற்றுக்கு நிழல்வலைப் பந்தலே தாராளம். பாலித்தீன் கூரையும் தெளிப்பான்களும் போட்டுப் பணத்தைக் கொட்டுவது பெரும்பாலும் பார்வையாளருக்குக் காட்டத்தான்.

உண்மையான சிக்கல் குடிலை விட்டு வெளியே வந்த பிறகு தொடங்குகிறது. வளர்ந்த காட்டுப் பூவரசு உறைபனிக்கும் புல்வெளித் தீக்கும் ஈடுகொடுத்து நிற்கும் மரம். அதன் குடில் நாற்றோ நீண்ட மெல்லிய தண்டும் வலுவற்ற இலையுமாக வளர்ந்திருக்கும். நீரைக் குறைத்து, வெயிலும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, ஒரு பனிக்காலத்தையாவது வெளித்திடலில் கழிக்கவைத்த பிறகே நடவேண்டும். மரம் நடும் விழாவின் தேதி இதற்கெல்லாம் காத்திருக்குமா என்ன? மறுபக்கம், நடவு தள்ளிப்போனால் பைக்குள் வேர் சுருண்டுகொள்கிறது. சுருண்ட வேர் நட்ட பிறகும் நேராவதில்லை.

நோயும் குடிலோடு ஒட்டிவரும். ஈரமும் நெருக்கமும் நாற்றழுகலுக்கு அழைப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மான்ட்டரே மாவட்டத்தில் சொந்த மண்ணின் செடிகளை வளர்த்துத் தந்த ஒரு நாற்றுப்பண்ணையில் 2012இல் பைட்டோப்தோரா டென்டாகுலேட்டா என்ற வேரழுகல் கிருமி கண்டறியப்பட்டது. அந்த நாட்டில் அது தென்பட்டது அதுவே முதல் முறை. பின்னர் சீரமைப்புக்காக நட்ட இடங்களிலும் அதே கிருமி அகப்பட்டது. காட்டை மீட்கக் கொண்டுபோன செடியே காட்டுக்கு நோயைச் சுமந்து சென்றிருக்கிறது. நம் மலைகளில் இன்னொரு சுமையும் உண்டு. புல்வெளியை ஆக்கிரமித்த அயல் மரமான வாட்டில் எனும் சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சீகைத் தோப்பு மண்ணை அள்ளிப் பையில் நிரப்பினால், எதை ஒழிக்கப் பாடுபடுகிறோமோ அதையே சுமந்துபோய் நடுகிறோம்.

விதை எந்தத் தாயிடமிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்பவர்களும் குறைவு. சாலையோரத்து இரண்டு மூன்று மரங்களில் பறித்த காயிலிருந்து ஒரு சரிவையே நிரப்பினால், அங்கு நிற்பவை எல்லாம் உடன்பிறப்புகளாகத்தான் இருக்கும். நீலக்குறிஞ்சியின் கணக்கு இன்னும் கடுமை. 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடியும் செடி அது. அடுத்த பெரும் பூப்பு 2030இல். ஓரிரு ஆண்டு தள்ளி விதைத்த நாற்று, கூட்டத்தின் கணக்கிலிருந்து விலகிப் பூக்கும் அபாயம் உண்டு.

இவை அனைத்தையும்விடப் பெரிய குறை, நடும் இடத்தில். பழனி மலைகளில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக 2018இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. தைலமரம், சீகை, பைன் தோட்டங்களும் வேளாண்மையும் அதைத் தின்றுவிட்டன. மிச்சமிருக்கும் புல்வெளியை வெற்றுநிலம் என்று நினைத்துச் சோலைக்காட்டுச் செடிகளை நெருக்கி நடுவது, சொந்தச் செடி என்றாலும் ஆக்கிரமிப்புத்தான். ஆயிரக்கணக்கான பைகள் தயாராகிவிட்டால் எங்காவது நட்டுத் தீர்க்கவேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடுகிறது. குடிலின் வெற்றியே இங்கே குற்றமாகிறது.

கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், பறவை எச்சமிட்ட விதையிலிருந்து சோலைக் கன்றுகள் தாமாகவே எழும்பி நிற்கின்றன. அங்கே தேவைப்படுவது நாற்று அல்ல, காவல். தூள்விதைச் செடிகளின் முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டும் குடிலை வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தைப் புல்லினங்களைத் தூர் பிரித்துப் பெருக்கவும் புல்வெளியில் மீண்டும் முளைக்கும் சீகையைப் பிடுங்கவும் செலவிடலாம். நிதி தருபவர்கள் எத்தனை பை வளர்த்தீர்கள் என்று கேட்பதை விட்டு, மூன்றாவது பனிக்காலம் கழிந்து எத்தனை செடி நிற்கிறது என்று கேட்டால், நாற்றுப்பண்ணைகளின் கணக்குப் புத்தகமே வேறு மாதிரி எழுதப்படும்.